கப்பலில் காய்ந்த நீலப் புடவை

அம்புரோஸுக்கு வயிற்றில் புண்ணாம். அதனால் தினமும் குழம்பில் ஒரு பங்கை மிளகாய் போடாமல் தனியாக இறக்கி, தூக்குச் சட்டியில் ஊற்றித் தர வேண்டுமாம். விடிந்ததும் கட்டுமரம் ஏறும்போது சோற்றோடு அதையும் எடுத்துப்போய்க் கடலில் வைத்துச் சாப்பிடுவானாம். கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருக்க அவன் பெண்டாட்டி இருதயம்மாள் என்ன காதில் பூவா வைத்திருந்தாள்?

முதலில் நம்பத்தான் நம்பினாள். பாவம் மனுஷன், ஈஸ்டருக்கு முந்தின தவசு காலம் என்று சாராயத்தை நிறுத்தியிருக்கிறான், அதில் வயிறு புரண்டுவிட்டது போலிருக்கிறது என்று அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவத்திகூட ஏற்றிவிட்டு வந்தாள். அந்த மெழுகுவத்தி எரிந்து முடிந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவன், பழைய சோற்றுக்குப் பச்சை மிளகாயை நறுக் நறுக்கென்று கடித்துத் தின்றுகொண்டிருந்தான்.

“யோவ், வவுத்துல புண்ணுன்னியே?”

அம்புரோஸ் திருதிருவென்று விழித்தான். “அது கடல்ல போனாத்தான்மே வலிக்குது. கரையில ஒண்ணும் தெரியல.”

அடேயப்பா! கரையில் வலிக்காதாம், கடலைக் கண்டால் மட்டும் வலிக்குமாம். எந்த ஆஸ்பத்திரியிலாவது இப்படி ஒரு புண்ணைப் பார்த்திருக்கிறார்களா? இருதயம்மாள் பதில் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் அந்தக் குப்பத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள்கூடக் கொஞ்சம் பயப்படுவார்கள்.

மிளகாய் இல்லாத குழம்பு யாருக்கு? காரம் ஆகாதவளுக்கு. குப்பத்தில் காரம் ஆகாதவள் யார்? ஞானசெல்விதான், வேறு யார்! கோயில் விருந்தில் மீன் துண்டைத் தண்ணீரில் அலசிவிட்டுத் தின்னும் மகராசி அவள். அம்புரோஸுக்கு முதலில் பேசியதே அவளைத்தான். பெரம்பூர் ரயில்வே பட்டறையில் வேலை செய்யும் மாப்பிள்ளை கிடைத்ததும் அவளுடைய அப்பன் பேச்சை முறித்துக்கொண்டான். அந்த மாப்பிள்ளை காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். ஞானசெல்வி வெள்ளைப் புடவையோடு திரும்பவும் குப்பத்துக்கே வந்துவிட்டாள். வந்தவள் சும்மா இருந்தாளா? மீஞ்சூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று தவசு காலம் தொடங்கும்போது கிளம்பிப் போனாள். அம்புரோஸின் வயிற்றில் புண் வந்ததும் அதே சமயம்தான்.

கட்டுமரத்தை எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனால், அங்கிருந்து மீஞ்சூர் என்ன பெரிய தூரமா? எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தப் பொருந்த இருதயம்மாளுக்கு வயிறு எரிந்தது. புண் உண்மையில் அவளுக்குத்தான் வந்திருக்க வேண்டும்.

அவளுக்கு ஒரு பயம் இருந்தது. கல்யாணமாகி ஒரே ஒரு பிள்ளை பிறந்தது. கோயிலுக்குத் தூக்கிப்போய்ப் பெயர் வைப்பதற்குள் போய்விட்டது. அதற்கப்புறம் இல்லை. புதைத்துவிட்டு வந்த நாளிலிருந்து அந்தப் பேச்சையே அம்புரோஸ் எடுத்ததில்லை, அவளும் எடுத்ததில்லை. பிள்ளை இல்லாத வீட்டை விட்டுப் போக ஆம்பளைக்கு ஒரு சாக்கு போதும் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும். அவளுக்கென்று இருந்தது அவன் ஒருவன்தான். அவனையும் ஒருத்தி கொத்திக்கொண்டு போவதா?

மறுநாள் குண்டூர் மிளகாயை வறுத்து, அம்மியில் மையாக அரைத்து, அந்தத் தனிக் குழம்பில் கரண்டி கரண்டியாகக் கலக்கினாள். மேலே கொஞ்சம் தேங்காய்ப் பாலை ஊற்றி நிறத்தை மறைத்துவிட்டாள். அரைத்த கை இரண்டு நாளுக்கு எரிந்தது. போகட்டும், தின்கிறவள் நாக்கு எரியட்டும்.

மத்தியானம் தூக்குச் சட்டி திரும்பி வந்தது. துடைத்துவைத்தது போலக் காலியாக இருந்தது. அம்புரோஸ் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த நாள் இன்னும் அதிகமாகப் போட்டாள். அன்றைக்கும் காலி!

“தின்னுத் தொலைச்சிருக்காளே சண்டாளி!” என்று சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தண்ணீரில் அலசித் தின்கிறவள், அவன் கொண்டுபோய்க் கொடுத்தான் என்பதற்காக நெருப்பைத் தின்றிருக்கிறாள் என்றால் எவ்வளவு ஆசை இருக்க வேண்டும்! தான் அவனுக்காக அப்படி எதையாவது தின்றிருக்கிறோமா என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு ஒன்றும் வரவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

இங்கே ஒரு கப்பலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அறுபத்தாறாம் வருஷத்து ஐப்பசிப் புயலில் நங்கூரம் தாங்காமல் இழுபட்டு வந்து, ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் நடுவே, இந்தக் குப்பத்துக்கு நேர் எதிரில் மணலில் ஏறி உட்கார்ந்தது ஒரு சரக்குக் கப்பல். புகைக்கூண்டைப் புயல் கொண்டுபோய்விட்டதால் குப்பத்தில் அதற்கு மொட்டைக் கப்பல் என்று பெயர். இதோ இழுக்கிறோம், அதோ இழுக்கிறோம் என்றார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஆட்களை இறக்கி ஊருக்கு அனுப்பினார்கள். முதலாளி கைகழுவிவிட்டான் என்று துறைமுகத்தில் பேச்சு வந்தது. அவன் கைகழுவிவிட்டான், கறை இவர்கள் காலில் ஒட்டியது. கப்பல் எண்ணெய் கக்கிக் கக்கிக் கரையெல்லாம் தார் உருண்டை. மீன் எடுக்க இறங்கும் பெண்களுக்கு முழங்கால்வரை கறுப்பு ஏறும், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தால்தான் போகும். மீனை அரிந்தால் அதிலும் எண்ணெய் வாடை. பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் இருதயம்மாளின் வாடிக்கை வீடுகளில், கூடையை இறக்குவதற்குள் “கப்பல் மீனா? வேணாம்மா” என்று கதவைச் சாத்தினார்கள். போதாததற்குக் கப்பல் சங்கிலியில் மாட்டி எத்தனையோ வலைகள் கிழிந்தன.

அதனால் பொங்கல் கழிந்ததும் ஊர் கூடி ஒரு கட்டுப்பாடு போட்டது. நஷ்டத்துக்குப் பதில் சொல்லும்வரை மொட்டைக் கப்பல் பக்கம் யாரும் போகக் கூடாது. அந்தக் கப்பலுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூட யார் கையாலும் போகக் கூடாது. மீறியவனின் துடுப்பை வாங்கிக் கோயில் மூலையில் சாத்திவிடுவார்கள். துடுப்பு கோயிலில் நிற்கும்வரை அவன் கடலில் இறங்க முடியாது. அந்தோணியார் சுரூபத்தின் முன்னால் ஆம்பளைகள் எல்லாரும் கையடித்துச் சத்தியம் செய்தார்கள். முதலில் அடித்த கை ஊர்த்தலைவர் ஸ்டானிஸ்லாஸுடையது. அவர் இருதயம்மாளின் உடன்பிறந்த அண்ணன்.

பங்குனி வெயில் சுள்ளென்று அடித்த ஒரு காலை, இருதயம்மாள் கூடையோடு கரையில் நின்றாள். கண் தற்செயலாகக் கப்பல் பக்கம் போனது. கைப்பிடிக் கம்பியில் நீலமாக ஏதோ ஆடிக்கொண்டிருந்தது. கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தாள்.

புடவை. அவளுடைய புடவை! ஒரு பெரிய சண்டைக்குப் பிறகு சமாதானத்துக்காக அம்புரோஸே வண்ணாரப்பேட்டைக்குக் கூட்டிப்போய் எடுத்துக்கொடுத்த சின்னாளப்பட்டிப் புடவை. முந்தானையில் மாங்காய் போட்டது. இத்தனை தூரத்தில் மாங்காய் தெரியுமா என்று கேட்காதீர்கள். வயிறு எரிகிறவள் கண்ணுக்கு நூல் இழையும் தெரியும்.

வீட்டுக்கு ஓடி டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தாள். அடியில் மடித்து வைத்திருந்த இடம் காலி. அப்படியானால் மீஞ்சூரும் இல்லை, எண்ணூரும் இல்லை. ஊரில் யாரும் போகாத கப்பலில், ஊருக்கு எதிரிலேயே, ஞானசெல்வியைக் குடிவைத்திருக்கிறான். அவள் இவள் புடவையைக் கட்டி, துவைத்து, எல்லாரும் பார்க்கக் காயவும் போட்டிருக்கிறாள்!

ஸ்டானிஸ்லாஸ் கோயில் வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். இருதயம்மாள் போய் நின்ற வேகத்தில் அவர் கையிலிருந்த ஊசி விழுந்தது.

“அண்ணே! உன் மச்சான் அந்த ஞானசெல்வியக் கொண்டாந்து மொட்டக் கப்பல்ல வெச்சிக்கினு கீறான். என் பொடவையக் கட்டிக்கினு ஆட்டம் போடறா. தெனம் நான்தான் அவளுக்குச் சோறு ஆக்கி அனுப்பிக்கினு கீறேன், தெரியுமா?”

“இன்னா சொன்னே?” என்று எழுந்தார் ஸ்டானிஸ்லாஸ். “அம்புரோஸு கப்பலுக்கா போறான்?”

“அத்தத்தான் சொல்றேன்! ஞானசெல்வி...”

“அவ கெடக்கறா. கப்பலுக்குப் போறானா இல்லியா, அத்தச் சொல்லு.”

“போறான்! போறான்! போறான்!”

அண்ணன் எதைக் கேட்கிறார், தான் எதைச் சொல்கிறோம் என்று நின்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. அவள் கண் முழுக்க நீலமாக இருந்தது.

அவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கட்டுமரங்களைக் கடலில் தள்ளினார். செய்தி பரவிக் குப்பமே கரைக்கு வந்துவிட்டது. இருதயம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, விளக்குமாற்றோடு அலை ஓரத்தில் நின்றாள். ஞானசெல்வி காலைத் தரையில் வைத்ததும் என்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக யோசித்து வைத்திருந்தாள். அவள் பரம்பரையே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படியான கேள்விகள்.

மரங்கள் திரும்பி வந்தன. முதலில் அம்புரோஸ் தலையைக் குனிந்தபடி இறங்கினான். பின்னால் அந்த நீலப் புடவை இறங்கியது.

புடவைக்குள் ஒரு கிழவன் இருந்தான். வெள்ளைக்காரன். வெயிலுக்குப் புடவையைத் தலையோடு போர்த்தியிருந்தான். நெஞ்சுவரை தாடி. உள்ளே கறுப்புக் கோட்டுக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டு, ஒரு தோல்பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தான். தன்னை ஊருக்கு அனுப்பத்தான் இத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. மணலில் கால் பட்டதும் முழங்காலில் விழுந்து, இவர்கள் போடுகிற மாதிரி இல்லாமல் வலது தோளை முதலில் தொட்டுச் சிலுவை போட்டான். பிறகு ஒவ்வொருத்தராகப் பார்த்துச் சிரித்தான்.

கூட்டத்தில் ஒருத்தி குரல் கொடுத்தாள்: “ஏ இருதயம்! உன் சக்களத்திக்குத் தாடி ஸோக்கா கீதுமே!”

குப்பமே சிரித்தது. இருதயம்மாளுக்குக் கையிலிருந்த விளக்குமாற்றை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை.

கோயில் வாசலில் ஊர் கூடியது. அம்புரோஸ் நடுவில் நின்று சொன்னான்.

“இவன் கப்பல்ல சமையக்காரன். கப்பல அம்போன்னு வுட்டா எவனாச்சும் சொந்தம் கொண்டாடுவான்னு, ஒருத்தன மட்டும் காவலுக்கு வுட்டுட்டுப் பூட்டானுங்களாம். ஹார்பர்ல கீற என் தோஸ்து சொன்னான். மொதல்ல படகுல சாமான் வந்துகினு இருந்துது. அப்பறம் அதுவும் நின்னுபோச்சு. கரையில கால் வைக்கவும் இவனாண்ட சர்க்கார் சீட்டு இல்ல.” அவன் கடல் பக்கம் கையைக் காட்டினான். “வலை இஸ்துக்கினு போச்சேன்னு நான் கிட்ட போனேன். மேலேர்ந்து கயித்துல ஒரு வாளிய எறக்கினான். எட்டிப் பாத்தேன். காலி வாளி. தண்ணி கேக்கறான்னு புரிஞ்சிது. நான் இன்னா செய்யட்டும்?”

ஸ்டானிஸ்லாஸ் தாடையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

“கெயவன் பாவம்தான். எங்களாண்ட வந்து சொல்லியிருந்தா ஊரே சேந்து எதுனா செஞ்சிருக்கும். நீ சொல்லல. அந்தோணியாரு முன்னால கையடிச்சிட்டு, திருட்டுத்தனமாப் போய்க்கினு இருந்திருக்கே. என் மச்சான்னு வுட்டுட்டா நாளைக்கு எவன் மதிப்பான்? ஈஸ்டர் முடியறவரைக்கும் துடுப்பு கோயில்ல நிக்கட்டும்.”

இருதயம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஞானசெல்வியைப் பிடிக்கப் போட்ட தூண்டிலில் சொந்தப் புருஷன் மாட்டியிருந்தான். போட்டதும் இவளேதான்.

“தப்பு என்னுது,” என்றான் அம்புரோஸ். “என் வூட்டுக்காரிக்கு ஒண்ணும் தெரியாது. அவள ஒண்ணும் கேக்காதீங்க.”

அவன் அப்படிச் சொன்னதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. காட்டிக்கொடுத்தவளை அவன் காப்பாற்றுகிறானாம்!

அதற்குள் கிழவனுடைய கண் அம்புரோஸின் காலடியில் இருந்த தூக்குச் சட்டி மேல் விழுந்துவிட்டது. அதை எடுத்துக்காட்டி அம்புரோஸிடம் ஏதோ கேட்டான். அம்புரோஸ் அவளைக் கைகாட்டினான். கிழவன் நேராக வந்து, விளக்குமாறு பிடித்திருந்த அவள் கையையே பிடித்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டு என்னென்னவோ பேசினான். கண்ணையும் நாக்கையும் காட்டி விசிறிக்கொண்டான். அந்த நிலைமையிலும் அம்புரோஸுக்குச் சிரிப்பு வந்தது.

“அன்னிக்குக் காரத்துல கண்ணுலேர்ந்து தண்ணியா ஊத்துது, துன்னுகினே கீறான்மே. வேணாம், கடல்ல கொட்டிடுன்னேன். மாட்டேன்னுட்டான். மீதி வெச்சா ஆக்கினவளுக்கு மனசு கஷ்டமாப் பூடும்னு கையாலயே காட்டினான். அவனும் சமையக்காரன்தானே.”

இருதயம்மாள் விளக்குமாற்றைக் கீழே போட்டாள். விடுவிடுவென்று வீட்டுக்குப் போனாள். தன் மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து அண்ணன் காலடியில் தொப்பென்று வைத்தாள்.

“சோறு ஆக்கினது நானு. குயம்பு வெச்சது நானு. தூக்குச் சட்டி என்னுது. துடுப்ப எடுத்தா இத்தயும் எடுத்துக்கோ.”

“உனுக்குத் தெரியாமத்தானே...”

“தெரியாமப் போட்டா சோறு சோறில்லாமப் பூடுமா? எடுண்ணே!”

ஸ்டானிஸ்லாஸ் தங்கையின் முகத்தைப் பார்த்தார். இதற்கு மேல் பேசினால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும் என்று தெரிந்து, துடுப்பையும் கூடையையும் தானே எடுத்துப்போய்க் கோயில் மூலையில் சாத்தினார். ஆள் அனுப்பிப் போலீஸை வரவழைத்துக் கிழவனை ஒப்படைத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் இருதயம்மாள் கேட்டாள்: “பொடவைய ஏன்யா எடுத்துக்கினு போனே?”

“இரும்பு கொதிக்குதுமே அங்க. நெழலுக்கு மேல கட்டிக்க ஒரு துணி இல்ல. அடியில கெடந்துது, பயசுன்னு நெனச்சேன்.”

சமாதானப் புடவையைப் பழசு என்றவனை வேறொரு நாளாக இருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். இன்றைக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று அவளிடம் இருந்தது.

“என்னாண்ட ஏன் சொல்லல?”

“நீ ஸ்டானிஸ்லாஸ் தங்கச்சியாச்சே,” என்றான் அவன்.

அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தி, கடைசியில் யாரோ ஒருத்தரின் தங்கச்சியா? ஆனால் என்ன சொல்வது? அண்ணனிடம் ஓடியது யார்?

“தெனம் அவ்ளோ நேரம் கப்பல்ல இன்னா பண்ணே?”

“பேசிக்கினு இருப்போம்.”

“அவன் பாஷை உனுக்குத் தெரியுமா?”

“அவன் அவனுதுல பேசுவான். நான் நம்மளுதுல பேசுவேன்.” அம்புரோஸ் சுவரைப் பார்த்தபடி சொன்னான். “எங்கம்மா செத்தது, வலை போனது, எல்லாம். கொயந்தையப் பத்திக்கூடச் சொன்னேன். பாஷை தெரியாதவனாண்ட சொல்றது சுளுவா இருந்துது.”

இருதயம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஞானசெல்வி மேல் வந்ததெல்லாம் பொறாமையே இல்லை என்று அப்போது தெரிந்தது. நெஞ்சைப் பிடித்து முறுக்கியது இப்போதுதான். இவளிடம் ஒருநாள்கூட எடுக்காத பேச்சை, இவள் கேட்கக் காத்திருந்த பேச்சை, எங்கிருந்தோ வந்த ஒரு தாடிக்காரனிடம் கொட்டியிருக்கிறான். அவனுக்கு ஒரு எழுத்துப் புரிந்திருக்காது. இருந்தாலும் கேட்டவன் அவன்தானே! அன்று அவள் சாப்பிடவில்லை.

ஞானசெல்வி மீஞ்சூரிலிருந்து திரும்பி வந்தாள். அக்காவுக்குப் பிரசவமாம். கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, “என்னக் கப்பலேத்திட்டியாமே இருதயம்?” என்று வாசலிலேயே வந்து கேட்டாள். இருதயம்மாள் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. காரமில்லாத குழம்பு கொஞ்சம் ஊற்றிக் கொடுத்து அனுப்பினாள்.

ஏனென்றால் காரமில்லாத குழம்பு அந்த வீட்டில் இன்னும் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. ஊருக்கு அனுப்பச் சீட்டு வரும்வரை கிழவனைத் துறைமுகத்தில் ஒரு கொட்டகையில் வைத்திருந்தார்கள். கடலும் இல்லை, கூடையும் இல்லை என்று சும்மா இருந்த புருஷனும் பெண்டாட்டியும் ராயபுரம் வழியாக நடந்தே போய்ச் சோறு கொடுத்தார்கள். வாசல் காவலாளி ஒரு ஆளைத்தான் உள்ளே விடுவேன் என்றான். அம்புரோஸ் சட்டியோடு முன்னால் நகர்ந்தான். இருதயம்மாள் சட்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

“நீ பேசினது போதும். நான் போறேன்.”

போனவள் வரவில்லை. அம்புரோஸ் பீடி பிடித்தான், நடந்தான், வேலி வழியாக எட்டிப் பார்த்தான். கொட்டகை நிழலில் கிழவன் சாப்பிடாமல் சோற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். எதிரில் இருதயம்மாள் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு சமயம் மடியில் எதையோ ஏந்துவது போலக் கையை வைத்துக்காட்டினாள். கிழவன் தலையாட்டினான்.

வெளியே வந்தபோது அவள் முகம் கழுவியது போல இருந்தது.

“இவ்ளோ நேரம் அவனாண்ட இன்னாமே பேசினே?”

“நீ பேசினதத்தான்.”

அம்புரோஸ் அவளுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தான். ரயில் கேட் அருகே வந்ததும் நின்றான்.

“அத்த என்னாண்ட சொல்லக் கூடாதா?” என்றான்.

குரலில் எரிச்சல் அப்பட்டமாகத் தெரிந்தது. இத்தனை நாள் தன் வயிற்றில் எரிந்தது அவன் வயிற்றுக்கு மாறியதைப் பார்க்க இருதயம்மாளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. காலிச் சட்டியை அவன் கையில் கொடுத்தாள்.

“சொல்றேன், நட,” என்றாள்.